பேதைமை வேடத்தில் எள்ளல்: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் வாழ்வும் அங்கதமும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைச் சுட்டினார். செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் இருவகையாகப் பகுத்தார். வெளிப்பட வைவது முன்னது. பழியைச் சொல்லினுள் மறைத்து வைப்பது பின்னது. இவ்விலக்கணத்தை ஏட்டில் பயிலாத ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் நாடகக் கொட்டகையிலும் வெள்ளித்திரையிலும் தேர்தல் மேடையிலும் அதற்குச் சான்றாக வாழ்ந்து மறைந்தார். அவரே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். பேதையின் வேடத்தைப் பூண்டு, தம்மை அறிவுடையோர் என்று எண்ணியிருந்தவர்களை எள்ளியது அவர் முறை. அம்முறை எங்குப் பிறந்தது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது, அதன் வலிமையும் எல்லையும் எவை என்பவற்றை அவருடைய வாழ்க்கையே விளக்கும்.

ஒழுகினசேரியும் வில்லும்

அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகக் கிருஷ்ணன் பிறந்தார். வறுமை வீட்டில் நிலைகொண்டிருந்தது. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. டென்னிசு ஆடுகளத்தில் பந்து பொறுக்கிப் போட்டும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் சிறுவர் காசு ஈட்டினார். தின்பண்டத் தட்டுடன் நின்றபடி அவர் கண்ட நாடகங்களே அவருக்குப் பள்ளியாயின.

நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டு அவருக்கு வாய்த்த இன்னொரு பள்ளி. கோயில் கொடையில் விடிய விடிய நடக்கும் அக்கலையில் பாட்டு உண்டு, கதை உண்டு; தலைமைப் பாடகர் சொல்லுவதை இடைமறித்துக் கேட்கும் பக்கப்பாட்டுக்காரரும் உண்டு. ஒன்றும் அறியாதவர் போலப் பக்கப்பாட்டுக்காரர் கேட்கும் கேள்வியிலேதான் கதையின் பொருள் பெரும்பாலும் வெளிப்படும். அறியாதவர் கேட்க, அறிந்தவர் திகைக்க, கூட்டம் நகைக்கும் அந்த அமைப்பைப் பின்னாளில் கிருஷ்ணனின் நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றிலும் காணலாம்.

1920களின் நடுவில், டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீபால சண்முகானந்த சபையில் அவர் சேர்ந்தார். நடிப்போடு பாட்டும் ஆட்டமும் கற்றார். அக்கால நாடக சபைகள் அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், ஆட்சிக்கு ஆகாத நாடகத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. ஆண்ட நாட்டிலேயே நிலைமை பெரிதும் வேறாக இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இங்கிலாந்தின் நாடக மேடைகள் லார்ட் சேம்பர்லேன் எனப்படும் அரண்மனை அதிகாரியின் முன்னிசைவைப் பெறவேண்டிய கட்டாயம் 1968 வரை நீடித்தது.

வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ என்ற நாடகம் தடைக்கு உள்ளாயிற்று. 1930களின் தொடக்கத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் அதனை ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி அரங்கேற்றினர். அந்நாடகத்தின் இடையே காந்தியடிகளின் கதையைக் கிருஷ்ணன் வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார். தெய்வக் கதை பாடும் வில்லில் சிறை சென்ற தலைவரின் கதையை ஏற்றியபோது, பழைய வடிவத்திற்குள் புதிய அரசியல் நுழைந்தது. காவலர் காதுக்கு அது நாட்டுப்புறப் பாட்டு. கொட்டகையில் இருந்தோருக்கு அது விடுதலைச் செய்தி. பழிகரப்பின் முதற்பாடத்தை அவர் அங்கே கற்றார்.

திரையில் ஒரு தனி நாடு

1935இல் வெளிவந்த ‘மேனகா’வும் 1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’யும் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தன. எஸ்.எஸ். வாசனின் கதையை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’, குடியின் கேட்டைக் கூறிய படம், எம்.ஜி. இராமச்சந்திரனின் முதற்படமும் அதுவே. அவ்வாண்டே ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனேக்குச் சென்றபோது டி.ஏ. மதுரத்துடன் பழக்கம் உண்டாகித் திருமணத்தில் முடிந்தது. தமக்கு முன்பே மணமாகியிருந்ததை மதுரத்திடம் அவர் மறைத்திருந்தார் என்பதை வாழ்க்கை வரலாறு மறைத்தல் தகாது. உண்மை தெரிந்தபின் எழுந்த மனத்தாங்கலைக் கடந்து, மதுரம் இறுதிவரை அவருடைய கலைத்துணையாக நின்றார். பின்னாளில் அவரைக் காத்தவரும் மதுரமே.

அந்நாளைய படங்களில் நகைச்சுவை, கதையோடு ஒட்டாத தனிப் பகுதியாகவே இருந்தது. இதனைக் கிருஷ்ணன் தமக்கு வாய்ப்பாக மாற்றினார். தம் பகுதியைத் தாமே உருவாக்கித் தம் குழுவினரை நடிக்க வைத்து, முதன்மைக் கதையோடு இணைக்கத் தந்தார். அரசர்களும் முனிவர்களும் நிறைந்த படங்களில் இவருடைய பகுதி மட்டும் தெருவையும் சந்தையையும் சமையலறையையும் காட்டிற்று. புராணப் படம் பார்க்க வந்தவர், தம் ஊர் மூடநம்பிக்கையையும் சாதிச் செருக்கையும் போலித்துறவையும் கண்டு நகைத்துச் சென்றார். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘உத்தமபுத்திரன்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என அப்படங்களின் வரிசை நீளும்.

1941இல் வெளிவந்த ‘சந்திரஹரி’ இங்குத் தனித்துச் சொல்லத் தக்கது. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய அந்நாடகம், அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கியது. உயிரே போயினும் பொய் உரையாதவன் அரிச்சந்திரன். என்ன நேரினும் மெய் உரையாதவன் சந்திரஹரி. காந்தியடிகளின் இளமையையே உருக்கிய கதை அரிச்சந்திரன் கதை. அதனைக் கவிழ்த்துக் காட்டும்போது இழிவுபடுவது வாய்மை அன்று. பொய்யைக் கொண்டு நடக்கும் உலகியலே. பழையதைப் பகடி செய்வது பழையதை அழிப்பதாகாது என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

மதுரத்தோடு இணைந்த காட்சிகளில் அவர் தமக்கு எடுத்துக்கொண்டது பெரும்பாலும் தோற்கும் பாத்திரத்தை. மனைவி கேட்பாள், கணவன் விழிப்பான். பெண் அறிவுரைப்பதும் ஆண் திருந்துவதும் அந்நாளைய மேடை மரபுக்கு முரணானவை. ஏளனத்தின் முதல் இலக்காகத் தம்மையே நிறுத்திக்கொண்டதால், அடுத்து அது எவர்மீது பாய்ந்தாலும் கூட்டம் பகையாகக் கொள்ளவில்லை.

அவதூறும் சிறையும்

நகைச்சுவையாளரின் வாழ்வில் நகைப்புக்கு இடமில்லாத பருவம் 1944இன் இறுதியில் தொடங்கியது. சி.என். இலட்சுமிகாந்தன் முதலில் ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ என்னும் இதழ்களில் திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதி வந்தார். அவற்றின் உரிமத்தை நீக்குமாறு ஆளுநரிடம் முறையிட்டவர்களுள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் இருந்தனர். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்ட இலட்சுமிகாந்தன் மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். இரண்டாண்டுகளுக்கும் மேலான வாழ்வு சிறையில் கழிந்தது.

அங்கதத்தைப் பயில்வோர் இவ்வழக்கைச் சட்டக் கதையாக மட்டும் படித்தல் போதாது. அவதூறும் நகைக்க வைக்கும். அங்கதமும் நகைக்க வைக்கும். அவதூறு ஒருவருடைய அறைக் கதவைத் திறந்து காட்டிக் காசு கேட்கும். அங்கதம் ஊரார் கூடியிருந்து செய்யும் குற்றத்தை ஊரார் முன்னே வைக்கும். ஒரே காலத்தில், ஒரே சென்னையில், இரண்டும் அச்சிலும் திரையிலும் அருகருகே விற்பனையாயின. முன்னதால் பின்னதன் ஆசிரியர் சிறை புக நேர்ந்தது அக்காலத்தின் கொடுமை.

சிறைக்கு வெளியே அவர் பெயர் உறங்கவில்லை. வழக்குச் செலவுக்கும் கலைஞர்களின் வாழ்வுக்கும் வழி தேடி மதுரம், எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார். கே.ஆர். இராமசாமி ‘கிருஷ்ணன் நாடக சபா’ என்ற பெயரிலேயே தனியொரு குழுவை அமைத்தார். அக்குழுவுக்காகவே அறிஞர் அண்ணா ‘ஓர் இரவு’ நாடகத்தை எழுதினார். கலைஞர் ஒருவர் கம்பிக்குப் பின்னால் இருக்க, அவர் பெயரால் இரு நாடக சபைகள் ஊர் ஊராகச் சென்றன.

அவற்றுள் ஒன்றின் வழி காரைக்குடிக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. என்.எஸ்.கே. நாடக சபை நடத்திய, ப. நீலகண்டனின் ‘தியாக உள்ளம்’ நாடகம் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரைக் கவர்ந்தது. போர்க்கால நெருக்கடிகளால் காரைக்குடி தேவகோட்டைச் சாலையில், ஒரு நாடகக் கொட்டகை இருந்த இடத்தில், அவர் அமைத்திருந்த படப்பிடிப்புத் தளத்தில் அந்நாடகம் ‘நாம் இருவர்’ என்ற படமாயிற்று. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, பாரதியின் பாடல்களைத் தமிழ்நாடெங்கும் ஒலிக்கச் செய்த அப்படம் 1947 ஜனவரியில் வெளிவந்தது. நாட்டின் விடுதலைக்கு ஏழு மாதமும் கிருஷ்ணனின் விடுதலைக்கு மூன்று மாதமும் இருந்தன. அவர் பெயர் தாங்கிய சபையின் நாடகம், அவர் கால் படாத காரைக்குடித் தளத்திலிருந்து நாட்டுக்கு விடுதலைப் பாட்டைக் கொண்டு சென்றது. 1948இல் அத்தளம் சென்னை கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்தது.

விடுதலைக்குப் பின் எவரை எள்ளுவது

சிறையிலிருந்து மீண்டவருக்கு 1947இல் பம்மல் சம்பந்த முதலியார் ‘கலைவாணர்’ என்ற பட்டத்தை வழங்கினார். ‘பைத்தியக்காரன்’ படம் அவரை மீண்டும் மக்கள்முன் நிறுத்தியது. ஆயினும் சூழல் மாறியிருந்தது. அந்நிய ஆட்சியை மறைமொழியால் எள்ளியவர், சொந்த ஆட்சி வந்தபின் எவரை எள்ளுவது? நம்மையே என்பது அவர் கண்ட விடை.

அண்ணாவின் கதை வசனத்தில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1949இல் அவர் உருவாக்கிய ‘நல்லதம்பி’ அவ்விடையின் விரிவு. ஃபிராங்க் காப்ரா 1936இல் இயக்கிய அமெரிக்கப் படம் ஒன்றின் தழுவல் அது. எதிர்பாராது பெருஞ்செல்வத்திற்கு உரியவனாகும் எளிய மனிதன், ஜமீன் வாழ்வின் போலிகளைத் தன் வெள்ளை உள்ளத்தாலேயே வெளிப்படுத்துகிறான். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த 1948ஐ அடுத்து வந்த அப்படம், மதுவிலக்கைச் சட்டத்தின் குரலில் பேசாமல், குடும்பத்தின் குரலில் பேசிற்று.

அப்படத்தில் இடம்பெற்ற ‘கிந்தனார்’ காலட்சேபம் அவருடைய அங்கதத்தின் உச்சம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தமிழரின் கண்ணீரைப் பெற்ற கதை. தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனார், தீயில் மூழ்கிப் புனிதராகிய பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டார். உடுமலை நாராயண கவியின் துணையுடன் கலைவாணர் படைத்த கிந்தன், தில்லைக்கு ஏங்கவில்லை, பள்ளிக்கு ஏங்கினான். ஊர் மறுத்த கல்வியை இரயில் ஏறிச் சென்னைக்குச் சென்று பெற்றான். கல்வி அதிகாரியாக ஊருக்கு மீண்டான். காலட்சேபத்தின் கட்டு, தாளம், பாகவதரின் அசைவு ஆகியவற்றில் ஒன்றும் குறையவில்லை. தீ இருந்த இடத்தில் இரயிலும், கோபுரம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடமும் வந்தன. தாழ்த்தப்பட்டவன் தன்னை எரித்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற கண்டனத்தைக் கூட்டம் சிரித்துக்கொண்டே ஏற்றது. நந்தனார்பால் அன்புடையவரும் கிந்தனை வெறுக்க முடியவில்லை. வடிவத்தின்மேல் வைத்த மரியாதையே பொருளின் புரட்சிக்குக் காப்பாயிற்று.

1951இல் அவர் இயக்கத்தில் ‘மணமகள்’ வந்தது. அவ்வாண்டே திரைத்துறைக் குழுவினருடன் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். 1952இல் அவர் இயக்கிய ‘பணம்’ செட்டிநாட்டோடு மேலும் நெருங்கிய தொடர்புடையது. சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த ஏ.எல். சீனிவாசன் படத்தின் தயாரிப்பாளர்; அவர் தம்பி கவிஞர் கண்ணதாசன் பாடலாசிரியர்; வசனம் மு. கருணாநிதி. பணத்தைக் காணோமென்று தேடிப் புறப்படும் மனிதனாகக் கலைவாணர் பாடும் பாட்டு ஒன்று அப்படத்தில் உண்டு. கள்ளச் சந்தை, கஞ்சனின் பெட்டி, குதிரைப் பந்தயம், கோயில் உண்டியல், தேர்தல் என ஒவ்வோர் இடமாகப் பணத்தையே விளித்து வினவிச் செல்கிறது அப்பாட்டு. குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை, கேள்விகளே உள்ளன. முதற் பொதுத்தேர்தல் முடிந்த அவ்வாண்டில், தேர்தலையும் கள்ளச் சந்தையையும் ஒரே பட்டியலில் வைத்ததே குற்றச்சாட்டு. வட்டியும் வரவும் எழுதிக் கணக்குக் காத்த மண்ணில் பிறந்த இருவர், பணத்தை எள்ளும் படத்திற்குப் பொருளும் சொல்லும் தந்தனர் என்பது இப்பகுதிக்குப் பெருமை.

அதே படத்தில் தி.மு.க. என்னும் மூன்றெழுத்தைக் கொண்டு அமைந்த பாடலும் உண்டு. திரையில் கட்சியைப் பாடுவது தணிக்கைக்கு உரியது. கலைவாணரோ அம்மூன்றெழுத்தைத் திருக்குறள் முன்னணிக் கழகம் என்று விரித்தார். திருவள்ளுவரின் பெயரில் நிற்பதைத் தணிக்கையாளர் எவ்வாறு வெட்டுவர்? கேட்போர் எக்கழகத்தை எண்ணினர் என்பதும் ஐயமில்லை. தேசபக்தி நாடகத்தின் வில்லுப்பாட்டில் கற்ற பாடம் இருபதாண்டு கழித்து மீண்டும் பயன்பட்டது.

அவரை ஒரு கட்சிக்குள் அடக்குவதும் எளிதன்று. திராவிட இயக்கத்தாரோடு நெருங்கியிருந்தவர், காந்தியடிகள் கொல்லப்பட்டபின் நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் காந்தி நினைவுத் தூண் எழுப்பினார். பெரியாரின் பகுத்தறிவும் காந்தியாரின் மதுவிலக்கும் அவரிடம் முரணின்றி உடனிருந்தன.

காஞ்சிபுரத்தில் ஒரு புகழுரை

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டது. காஞ்சிபுரத்தில் அண்ணா நின்றார். காங்கிரசின் வேட்பாளர் அவ்வூரில் நற்பெயர் பெற்ற மருத்துவர். அண்ணாவுக்கு வாக்குக் கேட்க வந்த கலைவாணர், மேடையேறி அம்மருத்துவரையே புகழ்ந்து பேசினார். அவருடைய கைராசியையும் ஏழைகளுக்கு அவர் செய்த உதவிகளையும் அடுக்கினார். கட்சிக்காரர் திகைத்திருக்க, முடிவில் மட்டும் திருப்பினார். இத்தகைய மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் இவ்வூர் நோயாளிகளின் கதி என்னாகும். அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அங்கே அனுப்புங்கள் என்பது அவர் உரையின் சாரம். அண்ணா வென்றார்.

புறநானூறு கற்றவர்க்கு இக்காட்சி புதிதன்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் மாலை சூடி நெய் பூசி அழகாக இருப்பதைப் பாராட்டினார். அதியமானின் படைக்கலங்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று வருந்துவார்போலக் கூறினார். புகழ் போன்ற பழி. பழி போன்ற புகழ். ஔவையார் தொண்டைமான் அவையில் செய்ததை, அத்தொண்டை நாட்டின் தலைநகரான காஞ்சியிலேயே கலைவாணர் தேர்தல் மேடையில் செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. தொண்டைமானின் படைச்செருக்கு ஔவையின் சொல்லால் சிறுமையுற்றது. மருத்துவரின் மதிப்போ கலைவாணரின் சொல்லால் சிறிதும் குறையவில்லை.

இங்கேதான் ஒரு வினா எழுகிறது. எவரையும் புண்படுத்தாத எள்ளல் எதனையேனும் மாற்றுமா? அவர் காலத்திலேயே வாழ்ந்த எம்.ஆர். இராதா வேறு வழியில் சென்றார். அவருடையது செம்பொருள் அங்கதம். மேடையில் அன்றாட அரசியலை நேரே சாடினார். தடைகளையும் வழக்குகளையும் எதிர்கொண்டார். 1954இல் சென்னை அரசு புதிய நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த காலம் அவர் நாடகங்கள் கொதிப்பை எழுப்பிய காலமே. இராதாவின் சொல்லைக் கேட்டுச் சினந்தவர் உண்டு. கிருஷ்ணனின் சொல்லைக் கேட்டுச் சினந்தவர் அரியர்.

பிற நாடுகளிலும் இவ்வினா எழுந்ததுண்டு. பிரிட்டனில் 1962 நவம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சி அரசியல் நையாண்டி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கி, அடுத்த ஆண்டு தேர்தல் ஆண்டு என்று காரணங்காட்டி 1963 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 1980இல் அதே நிறுவனம் தொடங்கிய ‘எஸ் மினிஸ்டர்’ தொடரோ, அமைச்சரையும் அதிகாரியையும் எள்ளியும் பிரதமர் மார்கரெட் தாட்சரின் விருப்பத்தையே பெற்றது. முன்னதை அதிகாரம் அஞ்சியது. பின்னதை அதிகாரம் சுவைத்தது. சுவைக்கப்பட்ட அங்கதம் தோற்ற அங்கதம் என்று கூறுவாரும் உளர்.

கலைவாணரின் வாழ்வு இதற்குத் தரும் விடை வேறு. அவர் இலக்கு பெரும்பாலும் ஆள்வோர் அன்று. ஆள்வோரை அவ்வாறு இருக்க விடுகின்ற நாம். சினம் கொள்ளும் அமைச்சரைவிடத் தன் பிழையை எண்ணிச் சிரிக்கும் குடிமகனே அவருக்கு வேண்டியிருந்தது. தன்னை நோக்கிச் சிரிக்கத் தெரியாதவன் ஆட்சியை நோக்கிச் சிரிப்பதில் பயனில்லை என்பது அவர் கலையின் உட்பொருள். இதற்கு எல்லையும் உண்டு. ஒரு கொடுமையை உடனே நிறுத்த இம்முறை உதவாது; கிந்தனின் கதையைக் கேட்டுச் சிரித்தவர் அனைவரும் மறுநாள் தம் ஊர்ப் பள்ளியைத் திறந்துவிட்டனர் எனல் இயலாது. ஆயினும் கிந்தனைக் கேட்டபின் நந்தனார் கதையைப் பழைய மனத்தோடு கேட்டல் அரிதாயிற்று. அந்த மாற்றம் மெல்லியது, மீளாதது.

முடிவும் எச்சமும்

1956இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ படத்தில் சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டும் பாடலைத் தந்தவர், அடுத்த ஆண்டு நோயுற்றார். கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுத்து ஈட்டியதை இழந்திருந்தார். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். காஞ்சிபுரத்தில் அவர் வாக்குக் கேட்டுச் சில திங்களே ஆகியிருந்தன.

1969 ஜனவரி 14ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். நோயால் நலிந்திருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. மூன்று வாரத்தில் அவரும் மறைந்தார்.

சென்னை அரசினர் தோட்டத்தில், 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய கட்டடம் பின்னர் பாலர் அரங்கமாகி, அதன்பின் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது. பழைய கட்டடம் போய்ப் புதியது எழுந்தபின்பும் பெயர் நிலைத்தது. கொரோனா பெருந்தொற்றின்போது, 2020, 2021ஆம் ஆண்டுகளில், இடைவெளி விட்டு அமர்வதற்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் அங்கே கூடிற்று. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரு நகைச்சுவை நடிகரின் பெயர் பொறித்த கூரையின்கீழ் அமர்ந்து வாதிட்டன. ஒரு நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் இல்லத்துக்குச் சட்டமன்றமே வந்து சேர்ந்தது.